குதிரையைத் தின்ற ஊரும் ஊல்கானின் சைக்கிளும்

குதிரை மனிதனுக்குச் சிறகு என்பது எங்கள் மலைப் பழமொழி. அந்தச் சிறகை வேகவைத்துத் தின்னக் கூடாது என்று பழமொழி எங்கும் சொல்லவில்லை. ஆகவே ஊல்கான் அக்காவின் கணவர் தெமிர் இறந்தபோது, முறைப்படி அவருடைய குதிரையையே அறுத்து, நாரின் நகரத்திலிருந்து வந்த தூரத்து உறவுவரை பரிமாறினோம். கொழுத்த குதிரை. சுற்றுப்பட்டு ஊரெல்லாம் வாயைத் துடைத்துக்கொண்டு, "தெமிர் புண்ணியவான்" என்று சொல்லிவிட்டுக் கலைந்தது.

ஊல்கான் அக்கா எங்கள் ஊரின் கால்நடை ஊசிக்காரர். கோடை வந்தால் ஆடுகள் உப்புக் கணவாய்க்கு அப்பாலுள்ள மேய்ச்சலுக்கு ஏறிவிடும்; அவரும் பின்னாலேயே போய்த் தடுப்பூசி போட வேண்டும். போவதற்கு இருந்த குதிரையோ எங்கள் வயிற்றில் இருந்தது.

இந்த இடத்தில் ஐரோப்பாவின் உதவி கிடைத்தது. கோடையில் எங்கள் பக்கம் தடித்த டயர் சைக்கிள்களில் வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். அவர்கள் ஊரில் தார்ச்சாலை தாராளமாம். அது அலுத்துப்போய், சரளைக்கல் பாதை தேடி விமானம் ஏறி வருகிறார்கள். எந்தப் பாதையைச் சீராக்கித் தரச் சொல்லி நாங்கள் மனுமேல் மனு கொடுத்தோமோ, அதே பாதைக்கு அவர்கள் கைபேசி வரைபடத்தில் நட்சத்திரம் போட்டு வைத்திருந்தார்கள். அப்படி வந்த டச்சுக்காரர் ஒருவர் ஓடையில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கன்றுக்குட்டியின் காலுக்கு வைக்கும் தப்பையை வைத்து ஊல்கான் அக்கா கட்டுப்போட்டார். மனிதர் லாரி ஏறும்போது சைக்கிளை அவரிடமே விட்டுப்போனார். நன்றியால் விட்டுப்போனாரா, அந்தச் சைக்கிள் முகத்தில் இனி விழிக்கப் பிடிக்காமல் விட்டுப்போனாரா என்பதில் ஊரில் இரண்டு கட்சி உண்டு.

ஊல்கான் அக்கா விழுந்து எழுந்து பழகினார். சலவைப்பலகை போல வரிவரியாய் மடிப்பு விழுந்த இடத்தில் தயங்கினால் பல் ஆடும், விரட்டினால் மடிப்பின் தலைமேலேயே போய்விடலாம். உதிரிக்கல் வளைவில் முன்பிரேக்கைத் தொட்டால் வானம் தெரியும். இதையெல்லாம் முழங்கால் தோலைக் கொடுத்து வாங்கினார்.

ஊராட்சித் தலைவர் மம்பெத் கடைவாசலில் வழிமறித்தார்.

"பேரன் எடுத்த பொம்பளை, ரெண்டு சக்கரத்து மேல காலை ஆட்டிக்கிட்டுப் போறியே, ஊரு மானம் என்னாகுறது?"

"அது என் குதிரையோட கொப்பரையில வெந்துபோச்சு அண்ணே. நீங்கதான் விலாக்கறி ரெண்டாந்தடவை கேட்டு வாங்குனீங்க."

மம்பெத் உடனே தலைவர் குரலுக்கு மாறித் தீர்ப்பு ஒன்றைச் சொன்னார். எங்கள் மலையில் வழியோடு வருகிறவரை அப்படியே போக விடுவதில்லை. கூடாரத்திலிருந்து ஒருவர் ஓடிவந்து கடிவாளத்தைப் பிடிப்பார், கைத்தாங்கலாய் இறக்குவார், ரொட்டியை நீட்டுவார். ஒரு விள்ளலாவது வாயில் வைக்காமல் நகர்ந்தால் அது ரொட்டியை மிதித்ததற்குச் சமம். சைக்கிளில் வருகிறவருக்கும் இந்த மரியாதை உண்டா?

"கிடையாது. விருந்தாளின்னா குதிரையில இருந்து இறங்குறவன். சைக்கிள் வெறும் வழிப்போக்கு. கடிவாளமும் இல்லை, ரொட்டியும் இல்லை."

தீர்ப்பு கூடாரம் கூடாரமாய்ப் போய்ச் சேர்ந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கு ரொட்டியை ஏற்கெனவே விலைக்குத்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பதால் சட்டச் சிக்கல் எழவில்லை.

அடுத்தது வேலை. மேய்ச்சல் ஊசிக்குக் குதிரை உள்ளவரே தகுதி என்றார் மம்பெத். அப்படி ஒருவர், கடவுள் புண்ணியத்தில், அவருடைய அக்கா மகன் ரிஸ்பெக்காக இருந்தான். நல்ல பையன், படித்தவன், புதுக்குதிரையும் வைத்திருந்தான். ஊல்கான் அக்காவுக்கு இந்த வேலையை விட்டால் தலைநகர் பிஷ்கெக்கில் மகன் வீடுதான். எட்டாவது மாடி. "கஞ்சி ஊட்டிக்கிட்டு ஜன்னல் வழியா அடுத்த ஜன்னலைப் பாக்குறதுக்குப் பேரு வீடா? கதவு உள்பக்கம் தாழ் போட்ட ஜெயிலு" என்பார்.

மேல் மேய்ச்சலின் மூத்த இடையர் ஓர்மோன் ஆளனுப்பினார். "உங்க மானம் மரியாதையெல்லாம் எங்க ஆட்டுக்கு வேண்டாம். மருந்து சூடேறுனா வீண். ரெண்டு பேரும் ஒண்ணாப் பொறப்படுங்க. பெட்டியில பனிக்கட்டி இருக்கும்போதே எவங்க முதல்ல கொண்டாந்து குடுக்குறாங்களோ, இந்தக் கோடை அவங்களுது."

விடிந்ததும் கிளம்பினார்கள். ஆட்டு மருந்துக்கெல்லாம் கிளம்பாத ஊராட்சி ஜீப்பில் மம்பெத்தும் நானும் பின்னால் போனோம். இரு தரப்பும் சமமாகச் சந்தேகப்படும் ஒரே ஆள் என்பதால் நான் சாட்சி.

ஏற்றத்தில் குதிரை நடனம் போல ஏறியது. ஊல்கான் அக்கா மருந்துப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளினார். கல் உருண்டது, சக்கரம் வழுக்கியது.

"இப்ப யாரு யாரு மேல சவாரி?" என்று ஜீப்பிலிருந்து கத்தினார் மம்பெத்.

"ஏத்தத்துல நான் சுமக்குறேன், இறக்கத்துல அது சுமக்கும். கட்டுனவன்கிட்டகூட இந்த நியாயத்தை நான் பாத்ததில்ல. நீங்க புழுதி கெளப்பாமப் போங்க!"

முதல் கூடாரம் வரை ரிஸ்பெக்தான் முன்னால். ஆனால் அவனுடைய குதிரையின் பூர்வீகத்தைச் சொல்ல வேண்டும். அதை விற்றவர், கல்யாண விருந்துகளில் கோப்பையைத் தூக்கி வாழ்த்துச் சொல்வதையே தொழிலாகக் கொண்டவர். அவர் காலத்தில் அந்தக் குதிரை ஒரு கூடார வாசலையும் தாண்டிப் போனது கிடையாது. பழக்கம் விடவில்லை. பாதையிலிருந்து தானாகவே திரும்பி, வாசலில் போய் மரியாதையாக நின்றது.

உள்ளேயிருந்து ஒரு பெண் ஓடிவந்து கடிவாளத்தைப் பிடித்தாள். "இறங்கு தம்பி, ரொட்டி தொட்டுட்டுப் போ."

"அவசரம் அண்ணி, மருந்து இருக்கு..."

"தலைவரோட அக்கா மகன் என் ரொட்டியை மிதிச்சிட்டுப் போனான்னு நாலு பேரு பேசவா? இறங்கு!"

இறங்கினான். ரொட்டிக்குப் பாலேடு வந்தது. பாலேட்டுக்குப் பின் குதிரைப்பால் வந்தது. அதற்குப் பின் எப்போது கல்யாணம் என்ற கேள்வி வந்தது. அவசரப்படுத்தலாம் என்று மம்பெத் ஜீப்பிலிருந்து தலையை நீட்டினார். "அடடே, தலைவர்!" என்று அந்த வீட்டுக்காரர் கதவைத் திறந்து அவரையும் கைத்தாங்கலாய் இறக்கினார். சாட்சி என்ற முறையில் பாலேட்டை நானும் பரிசீலித்தேன்.

அப்போதுதான் ஊல்கான் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். பழக்கத்தில் அந்தப் பெண் ரொட்டியைத் தூக்கிவிட்டாள். தலைவரைப் பார்த்தாள். கை பாதியில் நின்றது.

"வேண்டாம்மா, நான் வெறும் வழிப்போக்கு. பெரியவங்க தீர்ப்பு, மீறக்கூடாது பாரு" என்று சொல்லி மணியை அடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அதே கதைதான். கூடாரந்தோறும் குதிரை திரும்பியது, கடிவாளம் பிடிபட்டது, எங்கள் வயிறு நிறைந்தது. கணவாய் உச்சியில் நாங்கள் எட்டிப் பார்த்தபோது கீழே வளைவு வளைவாய்ப் போகும் பாதையில் ஒரு புழுதி வால் மட்டும் தெரிந்தது. வாலின் நுனியில் ஊல்கான் அக்கா. பிருஷ்டத்தைத் தூக்கிக்கொண்டு, தலைத்துணி பறக்க, பறவை போல என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அவிழ்த்துவிட்ட கோபம் போல இறங்கிக்கொண்டிருந்தார்.

குதிரை இறக்கத்தில் வேறு கூடாரம் ஒன்றைக் கண்டுபிடித்துத் திரும்பிவிட்டது. நாங்கள் ரிஸ்பெக்கை அங்கேயே விட்டுவிட்டு மேய்ச்சலுக்குப் போனோம். அங்கே வினோதமான காட்சி. ஓர்மோனின் கூடாரத்துக்கு முன்னால் ஊல்கான் அக்கா ஒரு காலைக் கல்லில் ஊன்றி, சைக்கிள் மேலேயே உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் இடையர்கள்.

"பெட்டியைக் குடும்மா" என்றார் ஓர்மோன்.

"குடுக்குறேன் பெரியவரே. மொதல்ல யாராவது வந்து பிடிங்க."

"எதை?"

"கடிவாளத்தை."

"சைக்கிளுக்கு ஏதும்மா கடிவாளம்?"

"அதை நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

யாரோ சிரித்தார்கள். ஊல்கான் அக்கா சிரிக்கவில்லை. பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியிருந்தது.

"பனி உருகுதே! ரிஸ்பெக் வந்துட்டான்னா வேலை அவனுக்குப் போயிரும். புரியுதா?" என்றார் ஓர்மோன்.

"போகட்டும். எட்டாவது மாடிக்கே போறேன். தெமிர் செத்தன்னைக்கு எங்க வாசல்ல உங்க கடிவாளத்தை என் மகன்தான் பிடிச்சான். உங்களைக் கைத்தாங்கலா இறக்குனான். நீங்க தின்னது என் குதிரை. அதுக்குப் பதிலாத்தான் இது வந்திருக்கு. யாரும் பிடிக்காம நான் இறங்க மாட்டேன்."

மம்பெத் என் பக்கத்தில் வாயோரத்துப் பாலேட்டைத் துடைத்துக்கொண்டார்.

ஓர்மோன் சைக்கிளை முன்னும் பின்னும் பார்த்தார். அறிமுகமில்லாத மிருகத்தை நெருங்குவதுபோல இடப்பக்கமாக வந்தார். கைப்பிடியை ஒரு கையால் பற்றினார். பற்றியதில் மணி அடித்துவிட்டது, கொஞ்சம் திடுக்கிட்டார். மறு கையை ஊல்கான் அக்காவின் முழங்கைக்குக் கீழே கொடுத்தார்.

"இறங்கு தாயி. ரொட்டி தொட்டுக்க."

ஊல்கான் அக்கா இறங்கினார். ஒரு விள்ளல் வாயில் வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தார். உள்ளே உள்ளங்கையளவு பனிக்கட்டி மிச்சமிருந்தது.

நாங்கள் ஜீப்பிலேயே இருந்தோம். வழக்கப்படி யாராவது கதவைத் திறந்து இறக்குவார்கள் என்று மம்பெத் காத்திருந்தார். ஆள் ஆளுக்கு ஒரு ஆட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்களே தவிர, ஒருவரும் வரவில்லை.

"அண்ணே!" என்று ஊசியை உயரப் பிடித்துக்கொண்டு ஊல்கான் அக்கா கூப்பிட்டார். "கதவு உள்ளேயிருந்தும் தொறக்கும். இறங்கி வந்து அந்தக் கெடாவைப் பிடிங்க!"

தலைவர் கெடாவைப் பிடித்தார். சாட்சியான நானும் பின்னங்காலைப் பிடித்தேன்.