வெடிக்காத சட்டி

பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பிறந்த நாள் பரிசாக டப்பாவில் களிமண் வந்திருக்கிறது. ரோஸ் நிறம், பபிள்கம் வாசனை. சுடவே வேண்டாமாம், தானாகக் காய்ந்துவிடுமாம். "டீச்சரம்மா, நீங்கதான் சொல்லிக் குடுங்களேன்" என்றாள் அதன் அம்மா. முதுகு வலி என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். மண் விஷயத்தில் இது என் முதல் பொய் அல்ல.

தடாகம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மூன்றாம் வகுப்பு. பயிற்சியில் படித்த கைவேலையைக் காட்டியே தீருவது என்று, குளத்து மண்ணைப் பிசைந்து ஆளுக்கொரு சட்டி செய்ய வைத்தேன். நான் செய்த சட்டி மிதிபட்ட செருப்பு மாதிரி இருந்தது. அதற்கும் பிள்ளைகள் கை தட்டினார்கள். வெள்ளிக்கிழமை அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும், புதன்கிழமை செய்ததை வியாழக்கிழமையே சுடப் போனேன்.

செல்வி வந்து நின்றாள். அவளுடைய அப்பா, அம்மா இருவருக்கும் செங்கல் சூளையில் வேலை.

"டீச்சருங்க, உள்ள ஈரம் இருக்குதுங்க. இப்பச் சுட்டா வெடிச்சுப் போயிருமுங்க."

"ஏனம்மணி, நீ டீச்சரா, நான் டீச்சரா?"

வகுப்பே சிரித்தது. "சூளை டீச்சர்!" என்றான் ஒருவன். நான் அதட்டவில்லை. எனக்கும் அது பிடித்திருந்தது.

பள்ளிக்குப் பின்னால் மட்டையும் வரட்டியும் அடுக்கிப் பற்றவைத்தேன். கொஞ்ச நேரத்தில் பட்டாசு மாதிரி வெடிக்க ஆரம்பித்தது. ஒரு சட்டிகூட மிஞ்சவில்லை. பிள்ளைகள் அழுத சத்தத்தில் தலைமையாசிரியர் ஓடி வந்தார்.

"என்னங்க டீச்சர் இது?"

"செல்வி சட்டிங்க சார். கல்லுப் பொறுக்காமச் செஞ்சுபோட்டா. அது வெடிச்சு எல்லாத்தையும் ஒடச்சுப்போட்டுது."

வாய் கூசாமல் சொன்னேன்.

"பாத்துச் செய்யோணும் கண்ணு" என்றார் அவர் செல்வியிடம்.

"சரிங்க சார்" என்றவள், என் பக்கம் திரும்பி, "சரி டீச்சர்" என்றாள்.

நாய்க்குட்டியைக்கூட 'வாங்க' என்று கூப்பிடும் பிள்ளை அவள்.

வகுப்புக்குள் போனபோதுதான் பார்த்தேன். ஜன்னலோரம், நிழலில், அவள் சட்டி உடையாமல் காய்ந்துகொண்டிருந்தது. அவள் அதைச் சுடத் தரவே இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. யாரும் பார்க்கும் முன் அதை எடுத்து வேலிக்கு வெளியே முள்ளுக்குள் வீசினேன்.

இப்போது சூளைகளை மூடிவிட்டார்கள். பள்ளியின் அந்தப் பழைய ஓட்டுக் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். அன்றைக்கு, அந்த வகுப்பு ஐந்தாவது முடித்து சர்டிபிகேட் வாங்கியபோது, பிள்ளைகள் எல்லாம் "வாரேனுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். செல்வி மட்டும் "வாரேன் டீச்சர்" என்றாள்.