புரட்டாசியில் சான் செபாஸ்டியன்

என் வீட்டுக்காரர் குப்புராஜ் பிளாஸ்டிக் வாளி வாங்கக் கடைக்குப் போனாலும் ராகு காலம் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். அப்பேர்ப்பட்ட மனிதர் காலண்டரைத் திரும்பியும் பார்க்காமல் ஸ்பெயினுக்கு டிக்கெட் போடச் சொன்னார் என்றால், எவ்வளவு தலைகால் புரியாமல் இருந்திருப்பார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெருங்களத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். தாம்பரம் மார்க்கெட்டுக்கு நல்ல மீன் வந்திருக்கிறது என்று யாராவது போன் செய்தால், ஓடுகிற மிஷினை நிறுத்திவிட்டு ஓடுவார். எங்கள் மகள் சினேகா சான் செபாஸ்டியனில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் இருக்கும் அந்த ஊரின் சாப்பாட்டு வீடியோக்களைப் பார்ப்பதே இவருக்கு வேலையாகிவிட்டது.

"கிறிஸ்டி, இத்த பாரேன். மீனோட தொண்டைச் சதைய மட்டும் தனியா எடுத்து ஒரு அயிட்டம் பண்றான். மீன் தலையில நான் தேடித் தேடித் துன்றேனே, அதான் இது. நம்மளமாரி ரசனை தெரிஞ்சவனுங்க அங்கயும் கீறானுங்க."

செப்டம்பர் கடைசியில் லீவு கிடைக்கும் என்றாள் சினேகா. "போடும்மா டிக்கெட்ட" என்றார் இவர். விசாவும் வந்தது. பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது தற்செயலாகக் காலண்டரைப் பார்த்தேன்.

"ஏங்க, அப்ப புரட்டாசி ஆச்சே."

மனிதர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

சினேகாவுக்கு நாலு வயதில் மஞ்சள் காமாலை வந்தது. எதைக் கொடுத்தாலும் வாயைத் திறக்காமல் சுருண்டு கிடந்தாள். இவர் திருநீர்மலை ஏறி, உயிர் உள்ளவரைக்கும் புரட்டாசியில் கவுச்சி தொடமாட்டேன் என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டு வந்தார். பிள்ளை தேறிவிட்டாள். அப்பா புரட்டாசியில் கவுச்சி சாப்பிட மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும், காரணம் தெரியாது. ஊரைவிட்டுப் போய் இத்தனை வருஷத்தில் தமிழ் மாசமே அவளுக்கு மறந்துவிட்டது.

நான் சர்ச்சுக்குப் போகிறவள். தவக்காலத்தில் நான் கவுச்சியை விட்டால், எதிரிலேயே உட்கார்ந்து வஞ்சிர வறுவல் சாப்பிடுகிற ஆள் இவர். பழிவாங்க நல்ல சமயம்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கே பாவமாகிவிட்டது.

"சினேகாவாண்ட ஒண்ணும் சொல்லாத. ஆசையா கூப்ட்டுகீது கொயந்த" என்றார்.

போய் இறங்கியதும் கவலையெல்லாம் பறந்துவிட்டது. பிறை மாதிரி வளைந்த கடற்கரை, இரண்டு பக்கமும் மலை, நடுவில் குட்டித் தீவு. பழைய ரயில் பெட்டி ஒன்றைக் கயிறு கட்டி மலைமேல் இழுக்கிறார்கள். அதில் மேலே போய்க் கடலைப் பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மூச்சே நின்றுவிட்டது. வளைகுடாவின் கோடியில் பாறைகளில் பெரிய பெரிய இரும்புச் சிற்பங்களை நட்டிருந்தார்கள். அலையில் துருவேறி, விரல்களை மடக்கின மாதிரி நின்றன. இவர் ஓர் இரும்பைத் தடவிக்கொண்டு அங்கிருந்து நகரவே மாட்டேன் என்றார். பக்கத்தில் தரையிலிருந்த ஓட்டை வழியாக அலை புஸ்ஸென்று காற்றை ஊத, குதித்து ஒதுங்கிச் சிரித்தார். பட்டறையில்கூட அவரை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

சாயங்காலம் பழைய ஊரின் சந்துகளில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினோம். ரொட்டித் துண்டின் மேல் நெத்திலி, இறால், நண்டு என்று குவித்து, குச்சி குத்தி, கல்யாணச் சீர்வரிசை மாதிரி பரப்பி வைத்திருந்தார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் நான் வெட்டிக்கொண்டிருந்தேன். இவர் உப்புத் தூவிப் பொரித்த, காரமே இல்லாத பச்சை மிளகாயை மட்டும் கடித்துக்கொண்டு, வயிறு சரியில்லை என்றார். சினேகா நம்பிவிட்டாள்.

மறுநாள் அவள் ஒரு நல்ல ஓட்டலில் மேஜை சொல்லி வைத்திருந்தாள். இவருடைய கனவுத் தொண்டைச் சதை மண்சட்டியில் பூண்டு மணக்க வந்தது. இவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். சினேகாவின் முகம் சுருங்கிவிட்டது.

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனாப்பா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "புரட்டாசிடி" என்றேன். "உனக்காக வேண்டிக்கிட்டாரு. நாலு வயசுல நீ காமாலைல கிடந்தப்போ." எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் சட்டியையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "ஒரே ஒரு வாய்ப்பா. நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றாள்.

"நல்லா கீறியே, அதுக்குத்தான் தொடமாட்டேன்."

"அப்ப எனக்கும் வேணாம்" என்று சட்டியைத் தள்ளினாள்.

இவருக்குக் கோபம் வந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சட்டியை அவள் பக்கமே நகர்த்தினார். "இன்னாம்மா பேசற? அன்னிக்கு ஒரு வாய் கஞ்சி உன்னை துன்ன வைக்க முடியாம அழுதுகினு மலை ஏறினவன் நான். நீ சாப்புடணும்னுதான் வேண்டிக்கினேன். சாப்புடு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்று விழுங்கும்வரை இவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்டி கீது?"

"நல்லாருக்குப்பா."

"நல்லாருக்குன்னா எப்டி? வழவழன்னு கீதா, பூண்டு தூக்கலா கீதா? ஒழுங்கா சொல்லு" என்று நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.