அரை அங்குலம் பெரிய பின்சக்கரம்

ஒட்டிக்கிடக்கும் வழவழப்பான வெளிநாட்டுத் தாள்களுக்கு நடுவில் நகத்தை விட்டுப் பிரித்தால் ‘சர்ர்’ என்று ஒரு சத்தம் வரும், கூடவே மண்ணெண்ணெயும் புதுச் செருப்பும் கலந்தாற்போல ஒரு வாசனை வரும். தொண்ணூறுகளின் நடுவில், நான் ஏழாம் வகுப்புப் படித்த வருடம் முழுக்க அந்த வாசனையில்தான் கழிந்தது. என் வகுப்பில் படித்த சாதிக்கின் அத்தா உக்கடத்தில் பழைய புத்தகக் கடை வைத்திருந்தார். அவர்கள் வீடு கணபதிப் பகுதியில், எங்களுக்கு அடுத்த தெருவில். எடைக்கு வரும் கட்டுகளுக்குள் எப்போதாவது சீமைக் கார்ப் பத்திரிகை ஒன்று, அட்டை கிழிந்து, ஏழெட்டு மாதம் பழையதாகக் கிடைக்கும். விலைபோகாததை அவர் மகனிடம் கொடுத்துவிடுவார். அதிலிருக்கும் படங்களை இரண்டு பேரும் பங்கு போட்டு வெட்டி, மைதாப் பசை காய்ச்சி, ஆளுக்கொரு நீள நோட்டில் ஒட்டிவைத்தோம். அதற்குக் “கட்டிங் நோட்டு” என்று பெயர். என் நோட்டில் இரண்டு வருட உழைப்பு இருந்தது. வீட்டில் தீப்பிடித்தால் முதலில் அதைத்தான் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

அப்படி வந்த ஒரு பத்திரிகையில்தான் அந்தக் கார் இருந்தது. இன்னும் விற்பனைக்கு வராத பந்தய ரகக் கார். உடம்பு முழுக்கக் கறுப்பு நாடா சுற்றிச் சோதனைக்கு ஓட்டிக்கொண்டு போனதை யாரோ ஒளிந்திருந்து பக்கவாட்டில் படம் எடுத்திருந்தார்கள். “முக்காட்டுக் காரு” என்று பெயர் வைத்தோம். மூடாத முழுப் படம் அடுத்த இதழில் என்று கீழே போட்டிருந்தது. அவர்களுக்கென்ன, போட்டுவிட்டார்கள், அந்த அடுத்த இதழ் எந்த மாதம் எந்தக் கட்டோடு உக்கடம் வந்து சேரும், வந்து சேருமா என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

அதுவரை ஊகம்தான். அடடா, என்ன ஊகம்! கதவு பக்கவாட்டில் திறக்குமா, மேலே தூக்குமா என்று ஒரு வாரம் சண்டை போட்டோம். மேலே தூக்கினால் மழைக்காலத்தில் சீட்டெல்லாம் நனைந்துபோகும் என்றான் அவன். பக்கவாட்டில் திறந்தால் எங்கள் சந்தில் இறங்கவே முடியாது என்றேன் நான். சக்கரத்துக்கு ஐந்து ஆரமா, பத்து ஆரமா? பின்னால் இறக்கை தனியாக நிற்குமா, உடம்போடு சேர்ந்தே வருமா? மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் கொண்டையூசி வளைவுகளில் வால் வீசாமல் திரும்புமா? மதுக்கரைச் சாலையில் சிமெண்டு லாரியை ஒரே மிதியில் தாண்டுமா, இல்லை முதல் வேகத்தடையிலேயே வயிறு தட்டி நின்றுபோகுமா? எங்கள் இரண்டு வீட்டிலும் சேர்த்து ஒரு சைக்கிளும் ஒரு பழைய மொபெட்டும்தான் வாகனம் என்பது அந்த விவாதங்களில் யாருக்கும் நினைவு வரவில்லை.

என் அப்பா “பேட்டன்” செய்கிறவர். ஃபவுண்டரியில் இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன்னால், மணலில் பதிக்கிற மரமாதிரியைத்தான் அப்படிச் சொல்வோம். வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. வேலை வந்தால் முதலில் சிமெண்டுத் தரையில் நிஜ அளவுக்கு வரைந்து பார்த்துவிட்டுத்தான் மரத்தில் கை வைப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டறை சும்மா கிடந்தபோது, முக்காட்டுக் காரை அதே தரையில் நிஜ அளவில் வரைவது என்று முடிவெடுத்தோம். படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் ஒரு அங்குலம். முன்பாதியை சாதிக் தன் அம்மாவின் தையல் டேப்பை வைத்து வரைந்தான். பின்பாதியை நான் அப்பாவின் மேசையிலிருந்த இரண்டடி இரும்பு ஸ்கேலை எடுத்து, பெரிய மனுஷி தோரணையில் வரைந்தேன். மத்தியானத்துக்குள் முழங்காலெல்லாம் வெள்ளையாகி, தரையில் ஒரு கார் படுத்திருந்தது. நாங்கள் அதற்குள் உட்கார்ந்து கியர் மாற்றிக்கொண்டிருக்க, அம்மா வாசலில் வந்து நின்று, “அம்மணி, காரை ஓரமா நிறுத்திப்போட்டுச் சோறுண்ண வா” என்றாள்.

சாப்பிட்டு வந்து நூல் பிடித்து அளந்தபோதுதான் அந்த அதிசயம் தெரிந்தது. பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட அரை அங்குலம் பெரிது. எனக்கு மயிர்க்கால் சிலிர்த்துவிட்டது. சின்னப் படத்தில் கண்ணுக்குத் தெரியாத ரகசியம் பெரிதாக வரைந்ததும் வெளிவந்துவிட்டது என்றேன்.

“நாலு சக்கரமும் ஒரே சைஸுதான் இருக்கும். பெறகு ஸ்டெப்னி எதைப் போடுவாங்க?” என்றான் சாதிக்.

“பெருசுதான். என்ற கட்டிங் நோட்டே பந்தயம்.”

“அப்ப என்ற நோட்டும் பந்தயம்.”

திங்கட்கிழமை காலை அப்பா பட்டறையைத் திறந்தார். காரை அழிக்கவில்லை. மிதிக்காமல் சுற்றி வந்து, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். “இதை எந்த ஸ்கேல்ல போட்டே கண்ணு?” என்றார். காட்டினேன். சிரித்துவிட்டார். அது “சுருக்க ஸ்கேல்”. உருக்கி ஊற்றிய உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பதால் மரமாதிரியைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் கணக்குப் போடாமலிருக்க, அந்த ஸ்கேலின் அங்குலத்தையே கொஞ்சம் நீட்டிச் செய்திருப்பார்கள். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. “உன்ற காரை உருக்கி ஊத்துனா சரியா வந்துரும், போ” என்று சொல்லிவிட்டு உளியை எடுத்துக்கொண்டார். என் ரகசியம் ரகசியமே அல்ல, தப்பான ஸ்கேல்.

சாதிக்கிடம் சொல்லவில்லை. சொல்வேனா? செவ்வாயும் போயிற்று. புதன்கிழமை அவனே கட்டிங் நோட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்தான். இரவெல்லாம் யோசித்தானாம், எஞ்சின் பின்னால் இருக்கிற காருக்குப் பின்சக்கரம் பெரிதாக இருந்தால்தான் பிடிமானம் கிடைக்கும் என்று அவனுக்கே பட்டுவிட்டதாம். “நாயம்னா நாயம், வச்சுக்க” என்று நீட்டினான். கை நீட்டினால் கிடைத்திருக்கும். அவன் முகத்தைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. ஸ்கேல் கதையை முழுக்கச் சொன்னேன். கட்டிப்பிடித்துக்கொள்வான் என்றா நினைக்கிறீர்கள்? “அப்ப நீ தோத்துப்போட்ட. உன்ற நோட்டைக் குடு” என்றான், பாவி. ரோஷத்தில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன்.

நான்கு மாதம் கழித்து, பரீட்சை முடிந்த வாரத்தில், அந்த இதழ் வந்தது. சாதிக் உக்கடத்திலிருந்து பேருந்தில் வந்து இறங்கி, எங்கள் வீட்டுக்கு ஓடியே வந்தான். நடுப்பக்கம் முழுக்க மஞ்சள் நிறத்தில் பக்கவாட்டுத் தோற்றம், முக்காடு இல்லாமல். கீழே அளவுகள். முன்சக்கரம் பதினேழு அங்குலம், பின்சக்கரம் பதினெட்டு.

நான் துள்ளிய துள்ளலில் பட்டறையில் மரமாதிரிக்குப் பூசுகிற அரக்கு டப்பா கவிழ்ந்தது. நோட்டைக் கொடு என்றேன். முடியாதாம். “விடை சரி, வழிமுறை தப்பு. நம்ம கணக்கு வாத்தியாரு இதுக்கு மார்க்குப் போடுவாரா?” என்றான். போடமாட்டார்தான். ஆனால் தப்பு என்று ஒத்துக்கொண்டது நான். அதற்கு மார்க் இல்லையா என்றேன். ஒரு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினோம். கடைசியில் அவனே எழுந்து போய் என் நோட்டைக் கொண்டுவந்து மடியில் போட்டான். இன்னொரு வம்பு மிச்சம்: இருப்பது ஒரே படம், இது யாருக்கு? அப்பாவின் மேசையில் வைத்து, பிளேடால் காரை நடுவில் நேராக அறுத்தோம். முன்பாதி அவன் நோட்டுக்கு, பின்பாதி என் நோட்டுக்கு, தரையில் வரைந்த அதே கணக்கு. முழுக் காரையும் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு நோட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு அப்படியொரு பெருமை.

இப்போது பட்டறைத் தரையில் டைல்ஸ் பதித்தாயிற்று. ஒரு கார் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே அதன் உள்ளும் புறமும் கைப்பேசியில் சுழன்று சுழன்று தெரிகிறது. மாதக்கணக்கில் எதற்காகவும் காத்திருந்து சண்டை போட இனி யாருக்கும் வழியில்லை. அவிநாசியில் டயர் கடை வைத்திருக்கும் சாதிக் போன மாதம் அழைத்தான். வீடு மாற்றும்போது அவனுடைய நோட்டு எங்கோ தொலைந்துவிட்டதாம். “முன்பாதி போயிருச்சுங்க அம்மணி” என்றான். வயது ஏறியதும் ‘ங்க’வும் ஏறிவிட்டது அவனுக்கு. பேச்சை மாற்ற, அதிலிருந்த முகப்பு விளக்கு எவ்வளவு அழகாக உருண்டையாக இருக்கும் என்றேன்.

“உருண்டையா? நீட்டமில்லீங்களா அது?”

“உருண்டைங்க.”

“பந்தயம் என்னங்க?”

“என்ற பின்பாதி.”

போனில் தேடிப் பார்க்கக் கூடாது, ரம்ஜானுக்கு அவன் வீட்டுக்குப் போகும்போது இருவரும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும் என்று பேச்சு. போன் இதோ மேசைமேல்தான் கிடக்கிறது, அரை நிமிட வேலை, சத்தியமாகத் தொடவில்லை. எதற்கும் இருக்கட்டும், நாளைக்கு அவன் பேச்சு மாற்றாமலிருக்க இங்கேயே எழுதிவைக்கிறேன்: விளக்கு உருண்டைதான்.