ஜெராமுக்குப் பதினைந்து எண்ண வேண்டும்

என் மேல்வீட்டுப் பிள்ளைக்கு யாரோ சக்கரம் வைத்த ஏதோ ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். லோரியா, வாத்தா, தெரியாது. கண்ணால் பார்த்ததில்லை, காதால் கேட்டதுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சாயலாம் என்று படுத்தால், தலைக்கு மேலே ஹாலில் கடகடவென்று கிளம்பி, என் படுக்கையறையைத் தாண்டி, சமையலறைப் பக்கம் போய் நிற்கிறது. மற்றவர்களாக இருந்தால் மேலே போய்க் கதவைத் தட்டியிருப்பார்கள். நான் படுத்தபடியே எண்ண ஆரம்பித்துவிடுகிறேன். ஒன்று, இரண்டு, மூன்று... போன தீபாவளிக்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இத்தனைக்கும் இப்போது நான் இருப்பது ரவாங்கில். ஜன்னலைத் திறந்தால் நிஜ ரயிலே கேட்கும். அதற்கு நான் தலையைக்கூடத் தூக்குவதில்லை. சின்ன வயதில் என்னைப் பார்த்தவர்கள் யாரும் இதை நம்ப மாட்டார்கள்.

எங்கள் வீடு கோலசிலாங்கூர் பக்கம். அந்தக் கடலோரம் முழுக்க ரயில் கிடையாது. பஸ் உண்டு, லோரி உண்டு, சாலையை அடைத்துக்கொண்டு போகும் நெல் அறுக்கும் மிஷின் உண்டு. ரயில் பார்க்க வேண்டுமென்றால் ரவாங் வர வேண்டும். என் தொல்லை பொறுக்காமல் அப்பா ஒருமுறை தன் லோரியில் ஏற்றி வந்து ஸ்டேஷன் அருகே நிறுத்திக் காட்டினார். மூன்று ரயில் பார்த்தேன். திரும்பி வீடு வரும்வரை வாயாலேயே ரயில் ஓட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அப்பா ஹார்ன் அடித்தார். எனக்குப் பக்கவாத்தியமாக அல்ல, என்னை நிறுத்துவதற்காக.

அப்பா எண்ணெய் மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். சுங்கை பெசாரிலிருந்து ஜெராம் வரை எந்த எஸ்டேட் மண்சாலையில் எங்கே பள்ளம் என்பது அவருக்கு மனப்பாடம். குலைகளை ஏற்றி மில்லில் கொட்டிவிட்டு வீட்டுக்கு வரும்போது அவர் சட்டையில் ஒரு வாசனை வரும். பாதி அல்வா, பாதி பழைய எண்ணெய். அம்மா அந்தச் சட்டையை இரண்டு விரலால் தூக்கித் தனி வாளியில் போடுவார். எனக்கு அது பிடிக்கும். இப்போதும் மில் பக்கம் காரில் போனால் எல்லாரும் கண்ணாடியை ஏற்றுவார்கள், நான் இறக்குவேன்.

ரயில் எங்கள் வீட்டுக்கு வந்தது அக்காவால். அக்கா பள்ளி இறுதிப் பரீட்சையான எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்கள் அவை. சும்மா இருக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. கெட்டுப்போன ஃபேன், சூடாகாத இஸ்திரிப் பெட்டி, எது கிடைத்தாலும் பிரித்துப் போட்டுவிடுவாள். பல சமயம் திரும்பவும் சேர்த்துவிடுவாள். அப்படித்தான் சுங்கை பெசாரில் ஓய்வுபெற்ற சீன ஆசிரியர் ஒருவரின் மூன்று ஃபேன்களை ஓட வைத்தாள். வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த அவர், வெளிநாட்டுக்குப் போன தன் மகன் விட்டுச் சென்ற இரண்டு பெட்டிகளைக் கொடுத்து அனுப்பினார். திறந்தால் கையகலத் தண்டவாளத் துண்டுகள், நீளமாக வளையும் தண்டவாளங்கள், ஆறு வேகன்கள், பச்சை நிறத்தில் ஒரு டீசல் எஞ்சின். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த எந்தப் பரிசும், வேலை நியமனக் கடிதம் உட்பட, அந்த அளவுக்கு என்னை ஊமையாக்கியதில்லை.

சரி, எங்கே போடுவது? தரையில் மனிதர்கள் இருந்தார்கள். மேசையில் அம்மாவின் மிளகாய்த்தூள் டப்பாக்கள் இருந்தன. அக்கா மேலே பார்த்தாள். பாத்ரூம் ஓரமாக சீலிங்கில் ஒரு சதுர ஓட்டையும் அதற்கு ஒரு மூடியும் இருக்கும். டி.வி. ஏரியல் கட்டிய ஆளுக்குப் பிறகு அதில் யாரும் தலையை விட்டதில்லை. ஏணி போட்டு ஏறினோம். கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே நான் உட்காரலாம், அக்கா கூனிக்கொண்டு நகரலாம். குறுக்குச் சட்டங்களின்மேல் பலகைகளைச் சுற்றிவரப் போட்டோம்.

“சட்டத்துல மட்டும் காலு வைடா. சீலிங்ல வச்ச, நேரா அம்மா கறிச்சட்டியிலதான் எறங்குவ” என்றாள் அக்கா.

மேலே கொஞ்சம் பொழுது ஏறினால் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதனால் எங்கள் வேலையெல்லாம் விடிந்தும் விடியாமலும்தான். ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுவோம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் செய்த பெரிய முட்டாள்தனம் இதற்குள்தான் இருக்கிறது.

ரயிலே இல்லாத ஊர்களுக்கு ரயில் விடுவது என்று முடிவெடுத்தோம். ஹாலுக்கு மேலே சுங்கை பெசார் ஸ்டேஷன், ஏனென்றால் அதுதான் பெரிசு. படுக்கையறைக்கு மேலே சுங்கை புரோங். சமையலறைக்கு மேலே ஜெராம், ஏனென்றால் அம்மா மீன் குழம்பு வைத்தால் வாசனை நேரே அங்கேதான் ஏறி வரும். நான் மூன்று ஊருக்கும் ஸ்டேஷன் மாஸ்டர். மற்ற எல்லா வேலையும் அக்கா.

எல்லாம் அசலாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. தண்டவாளத்துக்கு அடியில் போட ஜெராமிலிருந்து கெராங் என்கிற மட்டிச் சிப்பி கொண்டுவந்து இடித்துப் பரப்பினேன். சரியாகக் கழுவவில்லை. கூரைச் சூட்டில் அந்தச் சிப்பி ஒரு வாரம் பேசியது. அம்மா குளிர்பெட்டியை மூன்று முறை காலி செய்து கழுவினார். சுங்கை புரோங் வயலுக்கு நிஜ உமி. வேகனுக்கு மூன்று என்று அப்பா லோரியின் மூலையில் கிடந்த உதிரிச் செம்பனைப் பழங்கள். பார்க்க அவ்வளவு அழகு! அதை எலிகளும் ஒப்புக்கொண்டன.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். தலைக்கு மேலே தடதட.

“மேல என்னமோ ஓடுது” என்றார் அம்மா.

“ரயிலும்மா” என்றேன்.

“ரெண்டு பேரும் இங்க சோறு தின்னுக்கிட்டு இருக்கீங்க. அங்க ரயில யாருடா ஓட்டுறா?”

“ஆட்டோமேட்டிக்மா” என்றாள் அக்கா, கண் சிமிட்டாமல். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இதற்கிடையில் அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. ஜொகூர் பக்கம் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டு வருட எலக்ட்ரிக்கல் படிப்பு, தங்கும் இடத்தோடு. பெற்றோர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அது வந்த நேரம் சரியில்லை. அதற்கு முதல்நாள்தான் அக்கா ஒரு பழைய ரேடியோவின் டிரான்ஸ்ஃபார்மரை ரயிலுக்கு மாட்டப்போய் வீடு முழுக்கக் கரண்டு டிரிப் ஆகிவிட்டது. அம்மாவின் தொடரில் யாரோ யாரையோ அறைய ஓங்கிய கை அப்படியே இருட்டில் போனது. தலை நிறைய சோப்போடு அப்பா பாத்ரூமிலிருந்து கத்தினார். மறுநாள் கடிதத்தைப் பார்த்ததும் சொன்னார்:

“வீட்டுக் கரண்டையே கொன்னுட்டா. இவ ஊருக் கரண்ட பாக்கப் போறாளாம்! பேசாம இங்கயே ஒரு கடையில கவுண்டர்ல நில்லும்மா, போதும்லா.”

அக்கா அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். “மூணு சுத்து” என்றாள். “கரண்டு போவாம, நடுவுல நிக்காம, மூணு சுத்து ஓட்டிக் காட்டுறேன். ஓடுனா கையெழுத்துப் போடணும்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தார். “சரி. மூணு சுத்து. நடுவுல நின்னுச்சு, கவுண்டரு. அப்பறம் பேச்சே கெடையாது” என்றார் அப்பா. அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதைத் திரும்பித் தூக்க அவராலேயே முடியாது.

அக்கா வயரிங் முழுவதையும் பிரித்து மறுபடி போட்டாள். தண்டவாளத் துண்டு ஒவ்வொன்றையும் அடுத்ததோடு இறுக்கி, ஒரு தாள்கூட நுழையாதபடி சேர்த்தாள். தினமும் காலையில் ஓட்டிப் பார்த்தோம். பத்துச் சுற்று, பதினைந்து சுற்று. தேன் மாதிரி ஓடியது.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை. அப்பா லோரி கழுவி, சாப்பிட்டு முடிக்க மத்தியானம் இரண்டு மணி ஆகிவிட்டது. அவர் மேலே வர முடியாது. அவருடைய வயிற்றுக்கும் அந்தச் சதுர ஓட்டைக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது. ஆகவே ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, முகத்தை மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார். எங்கள் சீலிங் மெலிசு. எறும்பு செருப்புப் போட்டு நடந்தாலும் கேட்கும்.

“விடுறோம்பா!” என்று கத்தினாள் அக்கா.

ரயில் கிளம்பியது. கீழிருந்து அப்பாவின் குரல் கூடவே வந்தது. “பெசார் விட்டுருச்சு... புரோங்ல போவுது... ஜெராம். ம்ம். ஒண்ணு.” இரண்டாவது சுற்றும் அப்படியே. என் மூக்கிலிருந்து வியர்வை சொட்டி உமி வயலில் மழை பெய்தது. மூன்றாவது சுற்று. சுங்கை பெசாரை விட்டு வளைவில் திரும்பும்போதுதான் பார்த்தேன். நேராக இருக்க வேண்டிய தண்டவாளம் பாம்பு மாதிரி நெளிந்திருந்தது. சூட்டில் இரும்பும் பித்தளையும் நீளும், நீள இடம் இல்லையென்றால் நெளியும். விடியற்காலைக் குளிரிலேயே போட்டு, விடியற்காலைக் குளிரிலேயே ஓட்டிப் பார்த்த எங்களுக்கு இது எப்படித் தெரியும்? எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கிச் சாய்ந்தது. பின்னால் ஆறு வேகனும் படுத்துக்கொண்டன. பழங்கள் உருண்டன.

அக்கா என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு கவுண்டரும் அதற்குப் பின்னால் இருபது வருடமும் தெரிந்தன.

அப்போதுதான் உமி வயலுக்குப் பின்னாலிருந்து அவர் வெளியே வந்தார். நல்ல கொழுத்த எலி. ஒரு பழத்தைக் கவ்விக்கொண்டு சீலிங் தகட்டின்மேல் தடதடவென்று ஓடினார்.

கீழே அப்பா சொன்னார்: “ஆ... புரோங் தாண்டிருச்சு... ஜெராமுக்கு வந்துருச்சு.” எலி அங்கே எதையோ யோசித்துவிட்டு ஹால் பக்கம் திரும்பி ஓடியது. “பெசார் வந்து சேந்துருச்சு. மூணு. போதும், எறங்குங்க. வெந்து சாவப்போறீங்க.”

இறங்கினோம். அப்பா டி.வி. மேலே இருந்த பேனாவை எடுத்து, மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா, “இந்தாங்க, நாளைக்கு வரும்போது ஒரு பொறி வாங்கிட்டு வாங்க. ரயிலுக்கு” என்றார். அப்பா “சரி” என்றார்.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, அப்பாவுக்குத் தெரியாது. இப்படித்தான் நானும் அக்காவும் நம்பினோம். ஜொகூரிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் அவள் கடைசியாக ரகசியக் குரலில், “அம்மா சொல்லிட்டாங்களாடா?” என்று கேட்பாள்.

அக்கா படித்தாள், லைசன்ஸ் எடுத்தாள். இப்போது சொந்த வேன், கூட இரண்டு ஆட்கள். ரயில் நான் பள்ளிக் கண்காட்சிக்குக் கொண்டுபோனதில் பாதியாகத் திரும்பியது. அந்தப் பாதியும் வீடு மாறும் சாமான் மாதிரி எங்கேயோ போய்விட்டது. போன தீபாவளிக்கு முன்னால் வீட்டுக்குக் கூரை மாற்றியபோது அக்காவே வந்து வயரிங் முழுக்க மாற்றினாள். பழைய சீலிங்கைக் கழற்றும்போது மூலையில் ஒரு செம்பனைப் பழம். காய்ந்து, கறுத்து, பல் பதிந்து. அதை அப்பாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, “அப்பா, அன்னைக்கு மூணாவது சுத்து...” என்று ஆரம்பித்தாள். முப்பது வயதுப் பெண்ணுக்கு அதே பழைய ரகசியக் குரல்.

அப்பா பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒங்க ரயிலு பெசார்லேருந்து ஜெராமுக்கு வர பதினஞ்சு எண்ணணும்மா. தெனம் காலையில படுத்துக்கிட்டே எண்ணியிருக்கேன். அன்னைக்கு நாலு எண்றதுக்குள்ள வந்துருச்சு.”

“அப்பறம் ஏம்பா கையெழுத்துப் போட்டீங்க?”

“நான் லோரியில ஒரு மணி நேரத்துக்கு மேல ஓட்டுற தூரம்மா அது. நாலு எண்றதுக்குள்ள போற ரயில கட்டுன புள்ளைய கவுண்டர்லயா நிக்க வக்கிறது?”

அம்மா சிரித்த சிரிப்பில் முறுக்குத் தட்டு ஆடியது. அக்கா சிரிக்க ஆரம்பித்து, பாதியில் வேனில் எதையோ மறந்துவிட்டதாகச் சொல்லி வெளியே போனாள். போனவள் வெறுங்கையோடு வந்தாள்.

இப்போது அந்த வீட்டில் வெள்ளை வெளேரென்று புது சீலிங். வட்ட வட்டமாக எட்டு விளக்கு, எல்லாம் அக்கா கைவேலை. கூரைக்கு அடியில் வெள்ளிக் காகிதம் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறார்கள், சூடு இறங்காது. ஏறும் ஓட்டை எது என்று தேட வேண்டும், மூடி அவ்வளவு சரியாகப் பொருந்தியிருக்கிறது. எலி இல்லை. மழை பெய்தால்கூடச் சத்தம் இல்லை. சாப்பிட்ட பிறகு அப்பா அதே நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மேலே தூக்குகிறார். என்னப்பா என்றால், ஃபேனைப் பார்ப்பதாகச் சொல்கிறார். அந்த இடத்தில் இப்போது ஃபேன் கிடையாது, ஏர்கான்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மேல்வீட்டு வண்டி என் ஹாலுக்கு மேலே கிளம்பியது. எண்ணினேன். படுக்கையறைக்கு மேலே வந்து, பதினொன்றில் நின்றுவிட்டது. காத்திருந்தேன். சத்தமே இல்லை. அந்த வயதில் நடுவழியில் நின்றுபோவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். ஆளில்லாத வீட்டில், மல்லாந்து படுத்தபடியே, மேலே கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கச் சொன்னேன்:

“ஜெராமுக்கு வந்துருச்சு.”