போதும் அக்காவும் ஐந்து கீறல்களும்

வட்டச்சாலையில் பஞ்சர் கடைக்கும் பேட்டரி கடைக்கும் நடுவில் ஒரு கார் அலங்காரக் கடை இருக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி. பதினான்கு ஆண்டுகளாக நடக்கிறது. நடத்துபவர் ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி. அவரைப் போதும் அக்கா என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரை வைத்தவர் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர். தானாகத் தேடி வருகிறவர்களையும் "இது போதும், அது வேண்டாம்" என்று பாதிச் சாமானோடு திருப்பி அனுப்புகிற கடை உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று அவர் என்னிடம் முறையிட்டார். முறையிட்டாரே தவிர, அவருடைய வண்டிக்கும் சீட் உறை அங்கேதான் தைத்திருந்தது.

நான் அந்தக் கடைக்கு முதலில் போனது ஒரு புதன்கிழமை, காலை பத்து இருபதுக்கு. என் மகனுடைய மகள் காரை ஓட்டி வந்தாள். அவளுக்கு வயது இருபத்திரண்டு. ஓட்டுநர் உரிமம் வாங்கிப் பதினோரு வாரம் ஆகியிருந்தது. கார் எங்கள் குடும்பக் கார், சாம்பல் நிறம், பதினோரு வயது. அன்று அது ஓடியிருந்த தூரம் 84,316 கிலோமீட்டர்.

அந்தக் காரை வாங்கிய நாள் முதல் அதற்கென்று நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். நீரேற்று நிலையத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் மணிக்கு ஒரு முறை நீர்மட்டம் பார்த்து எழுதியவனுக்குக் கை சும்மா இருக்காது. கண் அறுவைக்குப் பிறகு ஓட்டுவதை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் மாலை ஆறு மணிக்குக் காரைத் துடைத்து, டயர்க் காற்றைப் பார்த்து, சீட்டையும் கண்ணாடிகளையும் அளவுகோல் வைத்துச் சரிசெய்து, அந்த நாளின் வரியில் கையெழுத்துப் போடுவேன். என் மகன் அலுவலக வேனில் போய் வருகிறவன். காரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பான். மற்ற நாட்களில் ஓட்டப் பழகியவள் பேத்திதான்.

பதினோரு வாரத்தில் எங்கள் வீட்டுக் கேட்டுத் தூணில் ஐந்து முறை உரசியிருந்தாள். ஐந்தும் இடது பின்கதவு, ஐந்தும் காரைப் பின்னால் எடுக்கும்போது. பதினான்கு, ஒன்பது, இருபத்திரண்டு, ஆறு, பதினேழு சென்டிமீட்டர். நான்காவது கீறல் விழுந்த அன்று என் மகன் குரலை உயர்த்தாமல் சொன்னான்: "இன்னொரு கோடு விழுந்தா சாவி பீரோவுக்குள்ள போயிடும்." ஐந்தாவது விழுந்தது செவ்வாய்க்கிழமை. அவன் வெளியூர் போயிருந்தான். வியாழக்கிழமை மாலை வருவதாக இருந்தது.

சாவி பீரோவுக்குள் போனால் பேத்தியின் வேலையும் கூடவே போய்விடும். நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும். வேலை காலை ஆறரைக்குத் தொடங்கும். அந்த நேரத்துக்கு அங்கே போக எந்தப் பஸ்ஸும் இல்லை. நானே பஸ் நிலையத்தில் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை மாலை அவள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். "தாத்தா, இதை மட்டும் எழுதாம விட்டுடுங்களேன்" என்றாள். எழுதியாகிவிட்டது என்றேன். அப்படியானால் கதவில் ஒரு பட்டை ஸ்டிக்கர் ஒட்டிவிடலாமா, பார்க்கவும் அழகாக இருக்கும் என்று கேட்டாள். அழகு என்ற பேச்சு வந்ததும் பட்டியல் நீண்டது. இந்தக் கார் ஓய்வுபெற்ற அதிகாரியின் டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கிறது என்பது அவளுடைய நெடுநாள் குறை. அலாய் சக்கரம், சிவப்பு சீட் உறை, கண்ணாடிக்குக் கறுப்புத் தாள், பின்னால் ஒரு இறக்கை, புகை போகிற குழாய்க்கு வெள்ளி முனை, காலடியில் நீல விளக்கு என்று அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒன்பது வந்தது. கடைசி வரி பட்டை ஸ்டிக்கர்.

அந்தத் தாளை மறுநாள் கடையில் அக்கா நின்றுகொண்டே படித்தார். படித்துவிட்டுத் தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். "ஐயா, கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு. சாமான்தான் ஒண்ணும் சரியில்ல" என்றார்.

பிறகு பேத்தியிடம் திரும்பி ஒவ்வொன்றாகக் கேட்டார். நீல விளக்கில் காலைப் பார்த்துக்கொண்டு ஓட்டப் போகிறாயா, ரோட்டைப் பார்த்துக்கொண்டா என்றார். இறக்கை வைத்தால் கார் பறக்குமா என்றார். கறுப்புத் தாள் ஒட்டி அதற்குப் போலீஸ்காரரிடம் பதில் சொல்லிக்கொண்டு நிற்பதற்கு நேரம் இருக்கிறதா என்றார். அவர் கேலியில் காரம் இல்லை. சொந்த அத்தை கேட்பதுபோல இருந்தது. பேத்தி முதலில் முறைத்தாள், இறக்கைக்கு வந்தபோது சிரித்துவிட்டாள். சக்கரத்தை மாற்ற வேண்டாம், இருக்கிற சக்கர மூடிகளைத் தேய்த்து மங்கலான வெள்ளி நிறம் அடித்தால் போதும் என்று தீர்ப்பானது. சீட் உறைக்குச் சிவப்பு போய், அடர்ந்த சாம்பல் துணியும் ஓரத்தில் ஒரே ஒரு கருஞ்சிவப்புத் தையலும் என்று முடிவானது. ஸ்டியரிங்குக்கும் அதே நூலில் கையால் தைத்த உறை.

பட்டை ஸ்டிக்கருக்கு வந்தபோது அக்கா கதவருகே போய்க் குனிந்து ஐந்து கீறல்களையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"இதை மூடத்தானா?" என்றார்.

பேத்தி தலையாட்டினாள்.

"மூடினா ஆறாவது எங்க விழும்மா? ஸ்டிக்கர் மேலதான். போதும், வந்து சீட்ல உக்காரு."

அந்தக் கடையின் முறை அது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். எந்தக் கார் வந்தாலும் அக்கா முதலில் ஓட்டுகிறவரை உட்கார வைப்பார். தானும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். தையல் அளவு எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இருபது வயதில் பஸ் கட்டும் பட்டறையில் சீட் தைக்கப் போனவர். பதினெட்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். பட்டறையை மூடியபோது, தான் மிதித்த கனத்த தையல் இயந்திரத்தை விலைபேசி வாங்கிக்கொண்டு வந்து இந்தக் கடையைப் போட்டார். யார் உட்காரப் போகிறார்கள் என்று தெரியாமல் தைப்பது பஸ் சீட்டு, ஆளைப் பார்த்துத் தைப்பது கார் சீட்டு, அதனால் இது சுலபம் என்பார். அவரிடம் நோட்டு கிடையாது, பென்சில்கூடக் கிடையாது. அளவெல்லாம் தலைக்குள். ஒரு சீட்டைத் தடவிப் பார்த்தே உட்காருகிறவர் எந்தப் பக்கம் சாய்வார், பர்ஸை எந்தப் பையில் வைப்பார் என்று சொல்லிவிடுவார். எங்கள் சீட்டைத் தடவிவிட்டு என் வலது பின்பக்கப் பையைப் பார்த்தார். அதில்தான் பர்ஸ் இருந்தது. இவ்வளவுக்கும் அவர் வாழ்நாளில் ஒரு முறைகூடக் கார் ஓட்டியதில்லை.

பேத்தி உட்கார்ந்தாள். வழக்கம்போல சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வெளியே, திறந்த கதவருகே நின்றேன். பஞ்சர் கடையில் யாரோ டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தப் பக்கக் கண்ணாடியில என்ன தெரியுது?" என்று அக்கா இடது பக்கத்தைக் காட்டிக் கேட்டார்.

"ஆகாசம். பேட்டரி கடை போர்டு."

"நம்ம காரு?"

"தெரியல."

"பின்சக்கரம்? கதவு?"

"எதுவும் தெரியலக்கா."

"அப்ப திருப்பி வச்சுக்க வேண்டியதுதானே? ஓட்டப் பழக்கினவங்க சொல்லித் தரலையா?"

பேத்தி என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: "சொன்னாங்க. ஆனா இது தாத்தா வச்சது. தாத்தா ஸ்கேல் வச்சு அளந்து வப்பாரு. அவர் வச்சா சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் பாக்கத் தெரியலன்னு நினைச்சேன்."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான். அக்காவுக்குச் சந்தேகம் வேண்டாமே என்று பையிலிருந்த நோட்டை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் எப்படிச் சரிசெய்திருக்கிறேன் என்று அவரே பார்க்கட்டும் என்ற பெருமை. அவர் பக்கங்களைப் புரட்டினார். சீட்டு, நகரும் தண்டில் பின்தள்ளி ஏழாவது பல். இடது கண்ணாடி, மேல்விளிம்பு இத்தனை மில்லிமீட்டர். அதே வரி, பதினோரு வாரத்துக்கும். நானும் என் மகனும் ஐந்தடி எட்டங்குலம். அந்த அளவு எங்கள் இருவருக்கும் கச்சிதமானது. அதனால் அவனும் எதையும் கவனித்ததில்லை. பேத்தி அவள் அம்மாவைப்போல ஐந்தடி ஓரங்குலம்.

கீறல் விழுந்த ஐந்து நாட்களையும் அக்கா தேடி எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் முந்தைய நாளின் வரியில் விரலை வைத்தார். பிறகு நோட்டை என் பக்கம் திருப்பினார்.

"ஐயா, அஞ்சு கீறலுக்கும் நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

வேலியே பயிரை மேய்ந்த கதை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவன் கண்ணாடியில் என்ன தெரிகிறது என்று அந்தப் பெண்ணை ஒரு நாளும் கேட்டதில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். பேத்தி இறங்கி வந்து என் கையைப் பிடித்தாள். "பரவால்ல தாத்தா, தூண் இன்னும் நிக்குது" என்றாள். பஞ்சர் கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து எனக்குப் பின்னால் போட்டார். வாயைத் திறக்கவில்லை, அவர் சுபாவத்துக்கு அது பெரிய காரியம்.

அன்றும் மறுநாளும் அக்கா வேலை செய்தார். ஓட்டுநர் சீட்டின் மேல் ஒன்றரை அங்குல உயரத்துக்கு ஒரு திண்டு தைத்து வைத்தார். பேத்தி உட்காரும்போது மாட்டிக்கொள்ளலாம், என் மகனுக்குக் கழற்றிவிடலாம். இடது கண்ணாடியின் மூலையில் எலுமிச்சம்பழ அகலத்துக்கு ஒரு சின்ன வளைவுக் கண்ணாடி ஒட்டினார். அதில் பின்சக்கரமும் தூணும் சேர்ந்து தெரியும். கதவுப்படியின் விரிப்பில் இரண்டு இடத்தில் தையல் போட்டார். வெள்ளை நூல் வரைக்கும் சீட்டு இருந்தால் என் மகனுடையது, கருஞ்சிவப்பு நூல் வரைக்கும் வந்தால் பேத்தியுடையது. இறக்கைக்கும் நீல விளக்குக்கும் ஆகியிருக்கக்கூடியதில் கால்வாசிகூட ஆகவில்லை. கீறல்களை என்ன செய்வது என்று கேட்டேன். துருப்பிடிக்காமல் மேலாக மெருகு பூசிவிட்டார். வண்ணம் அடிப்பதைப் பிறகு பார்க்கலாம், இப்போதைக்குப் போதும் என்றார்.

பேத்தி கருஞ்சிவப்புத் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். "டிபன் பாக்ஸ் மாதிரி இல்லக்கா இப்போ" என்றாள்.

"டிபன் பாக்ஸ்தான். நல்ல டிபன் பாக்ஸ்" என்றார் அக்கா.

வியாழக்கிழமை மாலை ஆறரைக்கு என் மகன் வந்தான். பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே கதவைப் பார்த்துவிட்டான்; ஐந்தாவது கீறலை எண்ண அவனுக்கு நேரம் ஆகவில்லை. சாவிக்காகக் கையை நீட்டினான். பேத்தி வாயைத் திறக்கும் முன் நான் நோட்டை அந்தக் கையில் வைத்தேன். காரணம் என்ற கட்டத்தில் ஐந்து இடத்தில் 'ஓட்டுநர் கவனக்குறைவு' என்று எழுதியிருந்தேன். ஐந்தின் மேலும் அன்று காலை சிவப்பு மையில் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் 'கண்ணாடியை வைத்தவர்' என்று எழுதித் தேதியும் கையெழுத்தும் போட்டிருந்தேன். எழுதியதை அழிப்பதில்லை, அடித்துத் திருத்துவதுதான் என் பழக்கம். திருத்த வேண்டி வந்தது மிகக் குறைவு.

அவன் நின்றபடியே படித்தான். இரண்டு முறை படித்தான்.

"நாலாங்கிளாஸ்ல என் கணக்கு நோட்டுலகூட இவ்வளவு சிவப்பு மை போட்டதில்லப்பா நீங்க" என்றான்.

பிறகு மகளைக் காரில் உட்காரச் சொன்னான். தானும் பக்கத்தில் ஏறினான். எங்கள் கேட்டில் கார் போனால் இரண்டு பக்கமும் ஒன்பது ஒன்பது அங்குலம்தான் மிஞ்சும். அவள் சீட்டைக் கருஞ்சிவப்பு நூல் வரைக்கும் இழுத்தாள், கண்ணாடியைத் தன் கையால் திருப்பினாள், பின்னால் எடுத்தாள். தூணுக்கும் கதவுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. உள்ளே கொண்டுவந்தாள், மறுபடி எடுத்தாள். மூன்றாம் முறை வேண்டாம் என்று என் மகன் கையசைத்து இறங்கினான். சாவியை அவளிடமே விட்டுவிட்டு, திண்டு எங்கே தைத்தது, தனக்கும் முதுகுக்கு ஒன்று தைப்பார்களா என்று என்னிடம் கேட்டுக்கொண்டே உள்ளே போனான்.

திங்கட்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு அவள் வேலைக்குக் கிளம்பினாள். அதற்குப் பிறகு நான்கு மாதம் ஆகிவிட்டது. ஒரு சனிக்கிழமை அவளும் நானும் அக்காவின் கடைக்குப் போனோம். பேத்தி ஸ்டியரிங்குக்கு முன்னால் அக்காவை உட்கார வைத்து, பழக்கித் தரட்டுமா என்று கேட்டாள். அக்கா ஸ்டியரிங் உறையின் தையலை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார், இடது கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டார், அதில் தெரிந்த தன் கடையைச் சற்று நேரம் பார்த்தார். "இது போதும்மா" என்று இறங்கினார். பேத்தி விடவில்லை; அடுத்த மாதம் முதல் ஞாயிறு என்று நாள் குறித்துவிட்டாள். கதவுப்படியில் மூன்றாவதாக மஞ்சள் நூல் தையல் ஒன்று வரப்போகிறது.

கீறல்களுக்கு இன்னும் வண்ணம் அடிக்கவில்லை. ஆறாவது விழவில்லை. இப்போதும் மாலை ஆறு மணிக்குக் காரைத் துடைத்துக் காற்றுப் பார்க்கிறேன். கண்ணாடிக்கு உரிய கட்டத்தில் நாள்தோறும் ஒரே சொல்லை எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்: 'தொடவில்லை.'