டிரைசூட்டுக்கு உள்ளே

துறைமுகத்தில் அவளை எல்லோரும் மீன்கொத்தி என்றுதான் கூப்பிடுவார்கள். மின் நிலையத்துக்குக் கடல்நீர் இழுக்கும் குழாய்களின் வாயில் கம்பிவலை இருக்கிறது. முங்கிப்போய் அதில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவது பதினேழு வருஷமாக அவள் வேலை. தண்ணீர் அப்படியொன்றும் குளிராது. ஆனால் எண்ணெயும் சாக்கடையும் கலந்தது. அதனால் சொட்டு நீர்கூடப் புகாத டிரைசூட் போட்டுத்தான் இறங்க வேண்டும். அதற்குள்ளே போட்டுக்கொள்ள, பனிக்கடலுக்கென்று தைத்த தடித்த பஞ்சு உடுப்பு ஒன்றைக் கம்பெனி கொடுத்திருந்தது.

இத்தனை வருஷமும் அதைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை. நாற்பத்தேழு வயதில்தான் அது எதிரியானது. படகில் காத்திருக்கும்போதே அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி வேர்த்துக் கொட்டும். கீழே போனதும் அந்த வேர்வையே சில்லிட்டுப்போகும். மேலே ஏறும்போது பற்கள் தந்தியடிக்கும். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பிருக்காது.

ஒருநாள் பஞ்சு உடுப்பை வீசிவிட்டுப் பருத்தி பனியனோடு இறங்கினாள். அது இன்னும் மோசம். பத்து நிமிஷத்தில் பனியன் வேர்வையில் ஊறி, ஈரத்துணியைச் சுற்றியதுபோல் ஒட்டிக்கொண்டது. ஆழத்தின் அழுத்தத்தில் டிரைசூட்டின் மடிப்புகள் தோலைக் கிள்ளித் தழும்பாக்கின.

மறுநாள் மறுபடி பஞ்சு. கம்பிவலையைப் பிடித்துச் சுரண்டிக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று நெஞ்சிலிருந்து தலைவரை அனல் ஏறியது. தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியதுதான் அவளை உலுக்கியது.

"அண்ணே, இழுங்க. உடனே இழுங்க" என்றாள் கவசத்துக்குள் இருந்த மைக்கில்.

மேலே அவளுடைய கயிற்றைப் பிடிப்பவர் அவளைவிடப் பெரியவர், அதிகம் பேசாதவர். இழுத்தார். "என்னம்மா ஆச்சு?" என்றார்.

"வயிறு சரியில்லண்ணே."

படகிலிருந்த மேற்பார்வையாளர் அவள் காதுபடவே, "முடியலன்னா உக்காந்து செய்யற வேலையாப் பாக்கச் சொல்லுங்க" என்றார். அவள் திரும்பி நின்று டிரைசூட்டைக் கழற்றினாள். சண்டை போடவும் தெம்பு வேண்டுமே.

அன்று மாலை அவளுடைய நாத்தனார் அவள் முதுகுத் தழும்புகளுக்கு மருந்து தடவினாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்பவள் அவள். தன் தம்பியின், அதாவது இவள் கணவனின், வீட்டிலேயே இருந்தாள்.

"தூரம் நின்னு எத்தனை மாசமாச்சு உனக்கு?"

"ஏழு, அண்ணி."

"அப்புறம் ஏன் உடுப்பைத் திட்டிட்டிருக்க? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அடுப்பு உனக்குள்ள எரியுது. எனக்கும் மூணு வருஷம் எரிஞ்சுச்சு."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே களைத்துப்போனது.

"பருத்தி தண்ணியைக் குடிச்சா விடாது, தினம் மூட்டை மூட்டையாப் பாக்கறேன்" என்றாள் நாத்தனார். "மெல்லிசுக் கம்பளி நனைஞ்சாலும் சூடு விடாது. உடம்போட ஒட்டினாப்புல அதைப் போடு. நெஞ்சுக்கு மட்டும் கையில்லாத பஞ்சுச் சட்டை. காலுக்குக் கம்பளி ஒண்ணே போதும். இறங்கற நேரம் வர்றவரைக்கும் அந்த ரப்பர் மூட்டைக்குள்ள நுழையாத."

கம்பளிப் பனியனையும் கால்சட்டையையும் இருவரும் கடையில் தடவித் தடவி, கழுத்தில் வைத்து அரிக்கிறதா என்று பார்த்து வாங்கினார்கள். பழைய பஞ்சு உடுப்பின் கைகளையும் கால்களையும் நாத்தனாரே வெட்டி ஓரம் தைத்தாள்.

முதல்நாள் படகில் கயிறு பிடிக்கும் அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உள்ள உடுப்பு இளைச்சிருக்கு. காத்து கம்மியாத்தான் நிக்கும். அதே ஈயத்தைக் கட்டினா கல்லு மாதிரி போயிடுவ." முங்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயக்கட்டிகளில் மூன்றைக் கழற்றவைத்து, ஏணியருகே மிதக்கவிட்டுப் பார்த்த பிறகே அனுப்பினார்.

முக்கால் மணி நேரத்தில் அனல் வந்தது. கம்பிவலையைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். இம்முறை மூச்சுமுட்டவில்லை. வந்த மாதிரியே தணிந்தது.

"ஏன் நின்னுட்ட?" காதுக்குள் அண்ணனின் குரல்.

அவள் தயங்கினாள். பிறகு, "வயசுண்ணே" என்றாள்.

"என் வீட்டுக்காரி அப்பல்லாம் ஈரத்தரையில போய்ப் படுத்துக்குவா. நீ மெதுவாச் செய்."

அன்று அவள் நடுங்காமல் ஏணி ஏறினாள். மறுவாரம் அலுவலகத்துக்கு நேரில் போய், மாதவிலக்கு நின்ற வயசு, வெயில் ஏறினால் அனலும் ஏறுகிறது, மதியத்துக்கு மேல் இறங்க முடியாது என்று காரணத்தோடு சொன்னாள். மேற்பார்வையாளர் மேசையைப் பார்த்துக்கொண்டே சரி என்றார். அதன்பின் நான்கு வருஷம் காலை முறையில் மட்டும் இறங்கினாள். அலுப்பு முழுக்கப் போகவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து, நாத்தனாரோடு உட்கார்ந்து சூடாகச் சாப்பிடும் அளவுக்கு உடம்பில் மிச்சமிருந்தது.