யூனியன் அண்ணையின் கடைசி வாக்கெடுப்பு

கவிழ்த்து வைத்த பாண் தட்டு ஒன்றின்மேல் அவர் ஏறி நின்றதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்து சேர்ந்த நகரத்தில், மோர்னிங்சைட் தெருவுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய பேக்கரியின் கார்த் தரிப்பிடம் அது. வேலை முடிந்த கோலத்திலேயே நின்றார். தலைமுடியை மூடும் நீல வலைத்தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. அதன்மேல் பனி விழுந்து கரைந்துகொண்டிருந்தது. பணிஸ் பொதி செய்யும் வரிசையில் நான் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். கழிப்பறைக்குப் போவதென்றால் மேற்பார்வையாளரிடம் கையுயர்த்திக் கேட்கவேண்டும். அவர் தலையாட்டும்வரை அடக்கிக்கொண்டு நிற்கவேண்டும். அன்று ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு அந்தத் தலையாட்டல் கிடைக்கவில்லை. நின்ற இடத்திலேயே அவளது உடுப்பு நனைந்துபோயிற்று. அதைத்தான் தட்டின்மேல் நின்று அவர் பேசினார், முதலில் தமிழில், பிறகு மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். “அந்தப் பிள்ளை வெக்கப்பட ஒண்டுமில்லை. பாத்துக்கொண்டு நிண்ட நாங்கள்தான் வெக்கப்படவேணும்” என்றார். கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் நிலத்தைப் பார்த்தோம்.

அவர் மன்னாரிலிருந்து வந்தவர். அந்தக் குளிர்காலம் முழுவதும் யூனியனுக்கு ஆள் சேர்க்க வீடு வீடாகப் போனார். அகதி விண்ணப்பம் முடியாதவர்களுக்குத்தான் பயம் அதிகம். யூனியனில் சேர்ந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ கதை கட்டிவிட்டிருந்தார்கள். அவர் குசினிக் கதிரையில் உட்கார்ந்து, கொடுத்த தேநீரைக் குடித்து, யூனியனில் சேர்ந்ததற்காக யாரையும் அனுப்பமுடியாது என்ற அதே பதிலை அலுக்காமல் சொல்லிக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என் கணவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். யூனியன் வந்தது. கையுயர்த்திக் கேட்கும் வழக்கம் போயிற்று. அதன்பிறகு அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. யூனியன் அண்ணை என்றால் தள்ளியிருக்கும் அஜின்கோர்ட் பகுதிக் கடைக்காரருக்கும் தெரியும்.

நகரசபைத் தேர்தலுக்கு அவரை நிற்கச் சொன்னது நாங்கள்தான். முதல்முறை தோற்றார், அடுத்தமுறை வென்றார். பிறகு தேர்தலுக்குத் தேர்தல் வென்றுகொண்டே இருந்தார். கவுன்சிலர் ஆனபின் அவருடைய நாட்கள் குப்பை வண்டி வராத தெருக்களிலும், மழைவெள்ளம் புகுந்த நிலவறைகளிலும் கழிந்தன. கோயில் திறப்புக்கும் மாதா திருநாளுக்கும் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு போவார். ஆனாலும் பேக்கரி வாசலுக்கு வருவதை அவர் விடவில்லை. வேலை மாறும் நேரத்தில் வந்து நின்று, யாருக்குக் கைவலி, யாருக்கு மேற்பார்வையாளரோடு பிரச்சினை என்று கேட்டுக்கொண்டு நிற்பார்.

பேக்கரியை மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது அவர் சபையில் மூத்த உறுப்பினர்களில் ஒருவர். முதலாளிமாரைக் கண்டார், அமைச்சரைக் கண்டார், எங்களைத் திரட்டிக்கொண்டு ஊர்வலம் போனார். ஒன்றும் நடக்கவில்லை. இயந்திரங்களைக் கழற்றி லொறியில் ஏற்றினார்கள். கட்டடம் இடிபட்டது. கொஞ்சக் காலம் கழித்து, அந்த நிலத்தில் பொதிகளைப் பிரித்து அனுப்பும் பெரிய வெயர்ஹவுஸ் கட்ட ஒரு கம்பனி அனுமதி கேட்டது. யூனியனை அண்டவிடாத கம்பனி என்று எல்லோருக்கும் தெரியும். அவர் அதற்கு ஆதரவாக வாக்களித்தார். நான் நேரில் போய்க் கேட்டேன். “வேலை வரட்டும் தங்கச்சி. ஆக்கள் வந்தால் யூனியனைப் பிறகு கட்டலாம். வெறும் நிலத்தில யூனியன் கட்டேலாது” என்றார். அவர் அதை முழுமனதோடு நம்பினார் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

வெயர்ஹவுஸ் வந்தது. என் மகனும் அங்கேதான் வேலைக்குச் சேர்ந்தான். நாங்கள் கையுயர்த்திய இடத்தில் இப்போது ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு கருவி. கொஞ்சம் சுணங்கினால் அது சத்தம் போடும். அடுத்த தேர்தலில் வீடு விற்கும் முகவர் ஒருவரிடம் யூனியன் அண்ணை தோற்றுப்போனார். தோற்ற கையோடு, நரைத்த தலையும் முழங்கால் வலியுமாக வெயர்ஹவுஸ் வாசலுக்கு வந்தார். பழைய பேக்கரிக்காரர் நாங்கள் சிலரும் கூடப் போனோம். காவலாளி எங்களை நடைபாதைக்குத் துரத்துவான். அங்கே நின்று துண்டுப்பிரசுரம் கொடுப்போம். வேலைக்கு வரும் இளம் பிள்ளைகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கடந்து போனார்கள். இருந்தும் இரண்டு குளிர்காலங்கள் நின்றதில், யூனியன் வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடத்துமளவுக்குக் கையெழுத்துச் சேர்ந்தது. கம்பனி எல்லோரையும் கூப்பிட்டுக் கூட்டம் வைத்தது. யூனியன் வந்தால் இந்த இடம் இருக்குமோ தெரியாது என்று மட்டும் சொல்லி அனுப்பியது.

வாக்கெடுப்பில் படுதோல்வி. அன்று பின்னேரம் நான் கேட்காமலே மகன் சொன்னான். “அம்மா, நான் நோ எண்டுதான் போட்டனான். உங்கட பேக்கரியில யூனியன் இருந்ததுதானே. ஸோ, இப்ப அந்தப் பேக்கரி எங்க?” அவனுக்குக் கைக்குழந்தை இருந்தது, வீட்டுக் கடன் இருந்தது.

அதற்குப் பிறகு அண்ணை அதிக காலம் இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோது என்னைப் பக்கத்தில் இருக்கச் சொல்லி, மகன் எந்தப் பக்கம் போட்டவன் என்று கேட்டார். பொய் சொல்ல நினைத்தேன். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. அவன் கேட்ட கேள்வியையும் சேர்த்தே சொன்னேன். எந்தக் குசினியில் எந்தப் பயத்தைச் சொன்னாலும் உடனே பதில் வைத்திருந்த மனிதர்.

“பெடியன் கேட்டது சரிதான்” என்றார். “நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டு கிடக்கிறன்.”

மரணச்சடங்குக்குப் பெரிய கூட்டம். புதிய கவுன்சிலர் பேசினார், வர்த்தகர்கள் பேசினார்கள். சமூகத் தலைவர், கொடையாளர், வழிகாட்டி என்றெல்லாம் சொன்னார்கள். யூனியன் என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. பேக்கரியில் என்னோடு நின்ற பெண்களும் நானும் பின்வரிசையில் இருந்தோம்; எங்களை யாரும் பேசக் கூப்பிடவில்லை. எல்லாம் முடியும் தறுவாயில் மகன் சாப்பாட்டு இடைவேளையில் வேலைச் சட்டையோடு ஓடிவந்தான். பெட்டியருகே போய் நின்றான், அண்ணையின் நெற்றியைத் தொட்டு வணங்கினான், வந்த வேகத்தில் திரும்பினான். லீவு கேட்கவில்லையா என்று வாசலில் மறித்துக் கேட்டேன்.

“கேட்டனான் அம்மா. செத்தவர் உனக்கு என்ன முறை எண்டு கேட்டாங்கள்.”

“நீ என்ன சொன்னனீ?”

“ஒரு முறையும் இல்லை எண்டு சொன்னன்.”

அவன் சொன்னதில் பொய் இல்லை. மணிக்கட்டில் இருந்த கருவி சத்தம் போட, காரை நோக்கி ஓடினான்.